ஒன்டிரைவ் கோப்புகளை இழக்காமல் கணினியில் இடத்தை மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

256 ஜிபி என்று சொல்லி விற்கப்படும் மடிக்கணினியில் விண்டோஸ் காட்டுவது ஏறத்தாழ 238 ஜிபிதான். அதில் விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சும் இடத்தை, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான (அதாவது 'கிளவுட்') ஒன்டிரைவில் 1 டிபி கணக்கு வைத்திருப்பவர் சில மாதங்களிலேயே நிரப்பிவிடலாம். "எல்லாம் கிளவுடில்தானே இருக்கிறது, பிறகு கணினி ஏன் நிறைகிறது?" என்பதுதான் என்னிடம் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி. ஒத்திசைவு என்பது கோப்பைக் கிளவுடுக்கு அனுப்பிவிட்டுக் கணினியிலிருந்து எடுத்துவிடும் வேலை அன்று. ஒரே கோப்பை இரண்டு இடங்களிலும் ஒரே நிலையில் வைத்திருக்கும் வேலை. ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கமும் திருந்தும்; ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும்.

கடைசியாகச் சொன்ன இந்த ஒன்றைக் கவனிக்காமல்தான் பலரும் கோப்புகளை இழக்கிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். குறிப்பாக, 4ஆம் படியை முடிக்காமல் 6ஆம் படிக்குத் தாவ வேண்டாம். விளக்கம் விண்டோஸ் 11 கணினியையும் ஒன்டிரைவையும் வைத்து எழுதப்பட்டது. விண்டோஸ் 10இலும் படிகள் ஏறக்குறைய இவையே. கூகுள் டிரைவ், ஐகிளவுட் பயன்படுத்துபவர்களுக்கான வேறுபாடுகள் 10ஆம் பகுதியில் உள்ளன. பெரும்பாலோர் விண்டோஸை ஆங்கிலத்தில் வைத்திருப்பதால், பட்டியல்களில் வரும் பெயர்களை ஆங்கில ஒலிப்பிலேயே தந்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஒன்டிரைவ் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும். கணினியில் என்றோ ஒருநாள் உள்நுழைந்தது அப்படியே இருப்பதால், கடவுச்சொல்லை மறந்தே போனவர்கள் பலர். உலாவியைத் திறந்து, ஒன்டிரைவ் இணையதளத்தில் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்து பாருங்கள். உறுதிப்படுத்தும் குறியீடு பழைய கைபேசி எண்ணுக்குப் போகிறதென்றால் அதை இப்போதே மாற்றுங்கள். இந்த வேலை முடிந்த பிறகு உங்கள் கோப்புகளின் முழு உடல் கிளவுடில் மட்டுமே இருக்கும். அந்த வாசலுக்குச் சாவி இல்லாமல் வீட்டுச் சாமான்களை உள்ளே வைப்பது சரியாகாது.

இரண்டாவது, தடையில்லாத இணைய இணைப்பு. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தரவு தீர்ந்துவிடும் என்பது மட்டுமன்று காரணம். அந்த இணைப்பு விண்டோஸில் 'மீட்டர்டு' (தரவுக்கு வரம்புள்ளது) என்று குறிக்கப்பட்டிருந்தால் ஒன்டிரைவ் ஒத்திசைவைத் தானாகவே நிறுத்தி வைத்திருக்கலாம். மின்கலச் சிக்கன நிலையிலும் அதே கதைதான். ஆகவே மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்துவிட்டு உட்காருங்கள்.

மூன்றாவது, மீண்டும் கிடைக்காத குடும்பப் படங்கள், சொத்து ஆவணங்களின் ஸ்கேன்கள் போன்றவை இருந்தால், ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க். இது கட்டாயமில்லை, ஆனால் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

2. இடத்தைப் பிடித்திருப்பது ஒன்டிரைவ்தானா என்று பாருங்கள்

செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'ஸ்டோரேஜ்' பக்கத்தைத் திறந்தால், எந்த வகைக் கோப்புகள் எவ்வளவு இடம் பிடித்துள்ளன என்பது தெரியும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒன்டிரைவ் கோப்புறையின் மீது வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' திறங்கள். கோப்புறை பெரிதாக இருந்தால் கணக்கிட்டு முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். எண் ஓடி நிற்கும்வரை காத்திருங்கள்.

அங்கே இரண்டு வரிகள் இருக்கும். 'சைஸ்' என்பது கோப்புகளின் மொத்த அளவு. 'சைஸ் ஆன் டிஸ்க்' என்பது அவை உங்கள் வட்டில் உண்மையாகவே பிடித்திருக்கும் இடம். முதல் வரி 140 ஜிபி, இரண்டாவது வரி 6 ஜிபி என்று இருந்தால் உங்கள் ஒன்டிரைவ் ஏற்கெனவே மெலிந்துதான் இருக்கிறது. நோய் வேறெங்கோ இருக்கிறது: பெரும்பாலும் டவுன்லோட்ஸ் கோப்புறையில், அல்லது காலி செய்யப்படாத ரீசைக்கிள் பின்னில். இரண்டு எண்களும் நெருங்கி இருந்தால் மட்டுமே இந்த வழிகாட்டி உங்களுக்குப் பயன்படும்.

இன்னொன்றையும் இங்கேயே சரிபாருங்கள். விண்டோஸை அமைக்கும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனவர்களின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்றும் ஒன்டிரைவுக்குள் போயிருக்கக்கூடும். டெஸ்க்டாப்பில் உள்ள ஏதேனும் ஒரு கோப்பின் 'ப்ராப்பர்டீஸ்' திறந்து 'லொகேஷன்' வரியைப் பாருங்கள். பாதையில் ஒன்டிரைவ் என்ற பெயர் வந்தால், டெஸ்க்டாப்பில் நீங்கள் அழிப்பதெல்லாம் கிளவுடிலும் அழியும் என்று பொருள். "நான் ஒன்டிரைவே பயன்படுத்துவதில்லை" என்று உறுதியாகச் சொன்னவர்களின் கணினியிலும் இதைக் கண்டிருக்கிறேன்.

3. மூன்று குறியீடுகளையும் அடையாளம் காணுங்கள்

ஒன்டிரைவ் கோப்புறையில் 'ஸ்டேட்டஸ்' என்ற நெடுவரிசையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிறு படம் இருக்கும்.

நீலக் கோட்டில் வரைந்த மேகம்: கோப்பு கிளவுடில் மட்டும் இருக்கிறது. பெயரும் படக்குறியும் கணினியில் தெரியும். உள்ளே சரக்கு இல்லை. வட்டில் இடமும் பிடிப்பதில்லை.

வெள்ளை வட்டத்துக்குள் பச்சை டிக்: நீங்கள் ஒருமுறை திறந்ததால், அல்லது இந்தக் கணினியிலேயே உருவாக்கியதால், கோப்பு வட்டிலும் இருக்கிறது. வேண்டாமென்றால் மேகமாக மாற்றலாம்.

பச்சை நிரப்பிய வட்டத்துக்குள் வெள்ளை டிக்: எப்போதும் இந்தக் கணினியில் இருக்க வேண்டும் என்று யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த 'யாரோ' பெரும்பாலும் நீங்களேதான்.

இந்த மூன்றையும் தவிர, சுழலும் அம்புக்குறிகள் தெரிந்தால் ஒத்திசைவு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி தெரிந்தால் அந்தக் கோப்பு மேலே போகவில்லை. இவை இரண்டில் எது கண்ணில் பட்டாலும், அது மறையும்வரை அடுத்த படியைத் தாண்டக் கூடாது.

4. பதிவேற்றம் முடிந்ததை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்

பணிப்பட்டையின் வலது ஓரத்தில், கடிகாரத்துக்கு அருகே உள்ள மேகக் குறியைக் கிளிக் செய்யுங்கள். அது தெரியவில்லையென்றால் பக்கத்தில் உள்ள மேல்நோக்கிய சிறு அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே ஒளிந்திருக்கும். கோப்புகள் எல்லாம் ஒத்திசைந்துவிட்டன என்ற செய்தி அங்கே வர வேண்டும். ஒத்திசைவு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் மீண்டும் தொடங்கச் செய்யுங்கள்.

அந்தச் செய்தி ஒன்றை மட்டும் நம்பி நான் மேலே போவதில்லை. உலாவியில் ஒன்டிரைவைத் திறந்து, மூன்று கோப்புகளைத் தேடிப் பாருங்கள்: நேற்றோ இன்றோ சேமித்த ஒன்று, இருப்பதிலேயே பெரிய ஒன்று, பல கோப்புறைகளுக்குள் ஆழத்தில் கிடக்கும் ஒன்று. மூன்றையும் அங்கேயே திறந்து பாருங்கள். புதிய கோப்பு அங்கே இருந்தால் ஒத்திசைவு இன்றுவரை ஓடுகிறது. பெரிய கோப்பு திறந்தால் பதிவேற்றம் பாதியில் நிற்கவில்லை. ஆழத்துக் கோப்பு கிடைத்தால் பாதை நீளத்தால் எதுவும் விடுபடவில்லை. ஒன்டிரைவில் கோப்புறைப் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்த முழுப் பாதை 400 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்தையே பெயராக வைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பதிவேற்றம் நிற்பதற்கு நான் அதிகம் கண்ட காரணம், கணக்கு நிறைந்துவிடுவதுதான். இலவசக் கணக்கின் அளவு 5 ஜிபி. அது நிறைந்த பிறகு நீங்கள் கோப்புறைக்குள் போடும் ஒவ்வொரு கோப்பும் கணினியில் மட்டுமே இருக்கும். ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருப்பதாலேயே அது கிளவுடில் இருப்பதாக ஆகிவிடாது. இந்த நிலையில் இருப்பவர் முதலில் சந்தாவை உயர்த்த வேண்டும், அல்லது கிளவுடில் வேண்டாதவற்றை அழித்து இடம் உண்டாக்க வேண்டும். அதன் பிறகே இந்தப் பட்டியலின் மற்ற படிகள்.

அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்புகள் (மின்னஞ்சல்களைச் சேமித்து வைப்பவை) ஒன்டிரைவுக்குள் இருந்தால், அவுட்லுக்கை மூடிவிட்டு அவற்றை வெளியே வேறொரு கோப்புறைக்கு நகர்த்தி, புதிய இடத்தை அவுட்லுக்கிலும் காட்டிவிடுங்கள். நாள் முழுவதும் திறந்தே இருக்கும் பெரிய கோப்பு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒத்திசைய முயன்று மற்றவற்றையும் தாமதப்படுத்தும். கணக்கு மென்பொருள்களின் தரவுக் கோப்புறைகளையும் இதே காரணத்துக்காக வெளியே வைப்பதுதான் என் வழக்கம்.

5. 'ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட்' இயங்குகிறதா என்று பாருங்கள்

பெயரைக் கணினியில் வைத்துக்கொண்டு சரக்கைக் கிளவுடில் வைக்கும் வசதிக்கு இதுவே பெயர். விண்டோஸ் 10இன் 1709 பதிப்புடன் 2017இல் வந்தது. மேகக் குறியைக் கிளிக் செய்து, பற்சக்கரக் குறி வழியாகச் செட்டிங்ஸுக்குப் போய், 'சிங்க் அண்ட் பேக்கப்' பகுதியில் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' திறந்தால் அது கிடைக்கும்.

ஒன்டிரைவின் புதிய பதிப்புகளில் இது எப்போதும் இயக்கத்திலேயே இருக்கும். இரண்டு பொத்தான்கள் மட்டும் தெரியும். ஒன்று எல்லாக் கோப்புகளையும் கணினிக்கு இறக்கும். மற்றொன்று, 'ஃப்ரீ அப் டிஸ்க் ஸ்பேஸ்', எல்லாவற்றையும் ஒரே அடியாக மேகமாக்கும். இரண்டாவது பொத்தானை முதல் நாளே அழுத்த வேண்டாம் என்பது என் கருத்து. அன்றாடம் திறக்கும் கோப்புகளும் சேர்ந்து போய்விடும். மறுநாள் காலை இணையம் இல்லாத நேரத்தில் அதன் அருமை தெரியும்.

6. ஒரே ஒரு சிறு கோப்புறையில் சோதியுங்கள்

பத்திருபது கோப்புகள் உள்ள, அவசரத் தேவை இல்லாத ஒரு கோப்புறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ப்ராப்பர்டீஸில் 'சைஸ் ஆன் டிஸ்க்' எண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு கோப்புறையின் மீது வலது கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் அது 'ஒன்டிரைவ்' என்ற வரிக்குள் இருக்கும். அங்கே இல்லையென்றால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்திப் பாருங்கள்.

பச்சை டிக்குகள் ஒவ்வொன்றாக நீல மேகங்களாக மாறும். மாறி முடிந்ததும் ப்ராப்பர்டீஸை மீண்டும் திறந்தால், 'சைஸ்' வரி அதே எண்ணில் நிற்க, 'சைஸ் ஆன் டிஸ்க்' வரி 0 பைட்டுக்கு இறங்கியிருக்கும். புதியவர்களுக்கு இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிவிட்டால், அதன் பிறகு அவர்கள் பயப்படுவதில்லை.

இப்போது அந்தக் கோப்புகளில் ஒன்றை இரட்டைக் கிளிக் செய்து திறங்கள். சற்றுத் தாமதித்துத் திறக்கும். குறியீடு மேகத்திலிருந்து மீண்டும் பச்சை டிக்காக மாறும். அதாவது, திறந்ததாலேயே கோப்பு கணினிக்குத் திரும்பி வந்து இடம் பிடித்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். 9ஆம் படி தேவைப்படுவதே இதனால்தான்.

7. பெரிய கோப்புறைகளை வரிசையாக விடுவியுங்கள்

சோதனை சரியாக நடந்தால், பெரிய காணொளிகளில் தொடங்குங்கள். நூற்றுக்கணக்கான சிறு ஆவணங்களை மேகமாக்கி மீட்கும் இடத்தை ஒரே ஒரு திருமணக் காணொளி தந்துவிடும். அடுத்து பழைய ஆண்டுகளின் படங்கள், அதன் பிறகு முடிந்துபோன வேலைகளின் கோப்புறைகள். நடப்பு வேலையின் கோப்புறையைக் கடைசிவரை தொடாதீர்கள். அதை விடுவித்தால் திறக்கும் ஒவ்வொரு முறையும் பதிவிறக்கம் நடந்து, மீட்ட இடம் மாலைக்குள் நிரம்பிவிடும்.

இணையம் இல்லாத இடத்தில் தேவைப்படும் கோப்புகளை, மற்றவற்றை விடுவிக்கும் முன்பே, வலது கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்று குறித்துவிடுங்கள். பயணச்சீட்டுகள், அடையாள அட்டைகளின் நகல்கள், நாளை வகுப்பில் காட்ட வேண்டிய படவில்லைகள் இந்த வகை. குறித்த பிறகு பச்சை நிரம்பிய வட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும். குறித்த கணத்திலேயே கோப்பு வந்துவிட்டதாக எண்ணி மடிக்கணினியை மூடிவிடக் கூடாது.

ஒரு கோப்பு மேகமாக மாற மறுத்தால் காரணம் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்: வேறொரு மென்பொருள் அதைத் திறந்து வைத்திருக்கிறது, அல்லது அது இன்னும் மேலே போகவில்லை. மென்பொருளை மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள். அப்போதும் மறுத்தால் 4ஆம் படிக்குத் திரும்புங்கள். மேலே போகாத கோப்பை மேகமாக்க ஒன்டிரைவ் மறுப்பது உங்களைக் காப்பதற்காகத்தான்.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. மேகமாக்கிய கோப்பை அதன் பெயரை வைத்து விண்டோஸில் தேடலாம். ஆனால் உள்ளே எழுதியிருக்கும் சொல்லை வைத்து விண்டோஸ் தேடலால் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் உள்ளடக்கம் கணினியில் இல்லை. 'ஸ்கேன்0047' போன்ற பெயர்களோடு ஆவணங்களை வைத்திருப்பவர்கள், விடுவிக்கும் முன் பெயரை மாற்றிவிடுவது நல்லது.

8. அழித்தல் வேறு, விடுவித்தல் வேறு

வலது கிளிக் பட்டியலில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கும் அதே இடத்திலிருந்து சில வரிகள் தள்ளித்தான் 'டெலீட்' இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், ஆண்டு விழாக் காணொளிகள் இருந்த கோப்புறையை டெலீட் செய்துவிட்டு, இடம் மீண்டதாக மகிழ்ந்திருந்தார். இந்தக் கோப்புகள் எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீங்கும் என்று ஒன்டிரைவ் காட்டிய எச்சரிக்கையை, அது மீண்டும் வராதபடி டிக் செய்து மூடியிருந்தார். மூன்று வாரம் கழித்துக் கைபேசியில் தேடியபோதுதான் அங்கேயும் இல்லை என்பது தெரிந்தது. உலாவியில் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னைத் திறந்தோம். நல்லவேளையாக எல்லாம் அங்கே இருந்தன. தனிநபர் கணக்கில் அழித்தவை 30 நாள்கள் அங்கே இருக்கும். அலுவலக, கல்விக் கணக்குகளில் பொதுவாக 93 நாள்கள். அந்தத் தொட்டியே நிறைந்துவிட்டால் தனிநபர் கணக்கில் இன்னும் முன்பே போய்விடும்.

டெலீட் செய்பவர்களுக்கு இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. வட்டில் இருந்த கோப்பை அழித்தால் அது கணினியின் ரீசைக்கிள் பின்னுக்குப் போய், அதே இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆக, கோப்பும் போயிற்று, இடமும் கிடைக்கவில்லை.

கோப்புறையை ஒன்டிரைவிலிருந்து இழுத்து அதே வட்டில் வேறு இடத்தில் போடுவதும் ஏறத்தாழ அழிப்பதுதான். கோப்பு முழுவதுமாகக் கணினிக்கு இறங்கும், கிளவுடிலிருந்து நீங்கும். இடம் மிச்சமாவதற்குப் பதிலாகக் கூடுதலாகச் செலவாகும்.

'சூஸ் ஃபோல்டர்ஸ்' என்ற வசதி இதற்கு நடுவில் நிற்கிறது. அங்கே ஒரு கோப்புறையின் டிக்கை எடுத்தால் அது கணினியிலிருந்து மறையும். கிளவுடில் பத்திரமாக இருக்கும். ஆனால் எக்ஸ்ப்ளோரரில் பெயர்கூடத் தெரியாது என்பதால், தொலைந்துவிட்டதாக எண்ணிப் பதறுபவர்கள் உண்டு. கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் வீட்டில் மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

9. மீண்டும் நிரம்பாமல் இருக்க ஸ்டோரேஜ் சென்ஸை அமையுங்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாக 'ஸ்டோரேஜ் சென்ஸ்' பக்கத்தைத் திறந்து இயக்குங்கள். அதன் கடைசிப் பகுதியில் ஒன்டிரைவ் கணக்கின் பெயரும், எத்தனை நாள் திறக்காத கோப்புகளை மேகமாக்க வேண்டும் என்ற தெரிவும் இருக்கும். இயல்பாக அது 'நெவர்' என்றே இருப்பதால், ஸ்டோரேஜ் சென்ஸை இயக்கியும் எதுவும் நடக்கவில்லை என்று பலர் சொல்கிறார்கள். 1, 14, 30, 60 நாள்கள் என்ற தெரிவுகளில் 30 பெரும்பாலோருக்குப் பொருந்தும். மாதம் ஒருமுறை திறக்கும் கணக்கு வழக்குகள் இருந்தால் 60 வையுங்கள். 'ஆல்வேஸ் கீப்' என்று நீங்கள் குறித்தவற்றை இது தொடாது. விண்டோஸ் நிறுவப்பட்ட வட்டில்தான் இது வேலை செய்யும். ஒன்டிரைவ் கோப்புறையை டி டிரைவுக்கு மாற்றியிருப்பவர்கள் கையாலேயே விடுவிக்க வேண்டும்.

அதே பக்கத்தில் டவுன்லோட்ஸ் கோப்புறைக்கும் இதே போன்ற நாள் கணக்கு இருக்கிறது. அதை 'நெவர்' என்றே விட்டுவிடுங்கள். ஒன்டிரைவுக்கான தெரிவு கோப்பை மேகமாக்கும். டவுன்லோட்ஸுக்கான தெரிவு கோப்பை உண்மையிலேயே அழிக்கும்.

10. கூகுள் டிரைவ், ஐகிளவுட் பயன்படுத்துபவர்களுக்கு

கூகுள் டிரைவின் கணினி மென்பொருளில் 'மிரர்', 'ஸ்ட்ரீம்' என்று இரண்டு முறைகள் உள்ளன. மிரர் முறையில் எல்லாம் வட்டிலும் இருக்கும். ஸ்ட்ரீம் முறையில் தனி டிரைவ் எழுத்தோடு தோன்றி, திறப்பவை மட்டும் இறங்கும். இடம் வேண்டுபவர் ஸ்ட்ரீமுக்கு மாற வேண்டும். மாறிய பிறகும் பழைய மிரர் கோப்புறை வட்டிலேயே கிடக்கும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. புதிய டிரைவில் எல்லாம் தெரிகின்றனவா, ஒத்திசைவு முடிந்ததா என்று பார்த்து, கணினியையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்த பிறகே பழையதை நீக்குங்கள். முறையை மாற்றுவதற்கு முன்னரே நீக்கினால், 8ஆம் பகுதியில் சொன்ன ஆசிரியையின் நிலைதான்.

மேக் கணினியில் ஐகிளவுட் அமைப்பில் உள்ள 'ஆப்டிமைஸ் மேக் ஸ்டோரேஜ்' இயக்கத்தில் இருந்தால், இடம் குறையும்போது பழைய கோப்புகளை அதுவே மேலே அனுப்பிவிடும். ஒரு கோப்பை உடனே விடுவிக்க, ஃபைண்டரில் வலது கிளிக் செய்து 'ரிமூவ் டவுன்லோட்' தேர்ந்தெடுக்கலாம்.

11. வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் நகல் எடுப்பவர்களுக்கு

மேகமாக்கிய பிறகு கோப்புகளின் முழுப் பிரதி ஓரிடத்தில்தான் இருக்கிறது என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது வெளிப்புற வட்டில் நகல் எடுக்குமாறு சொல்கிறேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. மேகமாக இருக்கும் கோப்பை ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுக்கும்போது, விண்டோஸ் அதை முதலில் சி டிரைவுக்கு இறக்கிய பிறகே அங்கே எழுதும். 300 ஜிபி உள்ள ஒன்டிரைவை, 40 ஜிபி மட்டுமே காலியாக உள்ள மடிக்கணினியில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்தால் பாதி வழியில் சி டிரைவ் நிறைந்து நகல் நின்றுவிடும். எது போயிற்று, எது போகவில்லை என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும்.

ஆகவே காலியிடத்தில் பாதிக்கும் குறைவான அளவுள்ள ஒரு கோப்புறையை மட்டும் முதலில் நகலெடுங்கள். இழுக்கும்போது நகர்த்தல் ஆகிவிடாமல் இருக்க, 'காப்பி', 'பேஸ்ட்' முறையையே பயன்படுத்துங்கள். முடிந்ததும் இரு பக்கமும் ப்ராப்பர்டீஸில் கோப்புகளின் எண்ணிக்கையையும் 'சைஸ்' வரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் ஒன்டிரைவில் அந்தக் கோப்புறையை 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' செய்து, மேகக் குறி வந்த பிறகு அடுத்த கோப்புறைக்குப் போங்கள்.